ஜாவா டெர்மினலில் பிழைச் செய்திக்கு நிறம் கொடுத்த கதை: ஒரு மீன் வாடிக் கணக்கு நிரல்

ஒருவழியாக வேலை செய்கிறது. திருகோணமலைத் திருக்கடலூரில் ஒரு மீன் வாடியில் (கரையோரம் மீனை நிறுத்து வாங்கும் கொட்டில்) நாளாந்த நிறைக் கணக்கைச் சரிபார்க்க ஒரு சின்ன ஜாவா நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது அதில் பிழை வந்தால் டெர்மினலில் (எழுத்து மட்டும் ஓடும் கட்டளை ஜன்னலில்) ஒரே ஒரு வரி சிவப்பில் நிற்கும், எத்தனையாவது வரி, எந்தப் படகு, என்ன அடித்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரியும். நிறம் வரவைப்பது சுலபம், அதற்கு அரை மணி நேரம் போதும். அந்த நிறம் எல்லா மெஷினிலும் ஒழுங்காக வரவும், வரக்கூடாத இடத்தில் வராமல் இருக்கவும், வந்ததால் வேறு எதுவும் குழம்பாமல் இருக்கவும்தான் மிச்ச நேரம் முழுக்கப் போனது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் வரவு குறைந்திருந்ததால் அவசரமில்லாமல் செய்ய முடிந்தது.

வேலை இதுதான். படகுகள் கரைக்கு வந்ததும் மீனை நிறுத்து, படகு எண், மீன், கிலோ, விலை என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் டேப் இடைவெளி விட்டு அடிப்பார்கள். இரவில் கொழும்புக்கு லொறி புறப்படுவதற்கு முன் நிரலை ஓட்டி, ஒவ்வொரு படகுக்கும் எவ்வளவு காசு என்று எடுப்பார்கள். ஒரு வரி பிழைத்தால் ஒரு படகின் காசு பிழைக்கும், அது நாலைந்து பேரின் அன்றைய கூலி. அதனால்தான் இதில் இவ்வளவு மினக்கெட்டேன்.

முன்பு என்ன நடந்தது என்றால், கிலோவில் யாரோ 12.5 என்பதற்குப் பதிலாக 12..5 என்று அடித்துவிடுவார்கள். ஜாவா உடனே நம்பர் ஃபார்மட் எக்செப்ஷன் (எண்ணின் வடிவம் பிழை என்ற முறைப்பாடு) எறியும், அதோடு வரும் செய்தி 'மல்டிபிள் பாயின்ட்ஸ்' (பல புள்ளிகள்) என்ற இரண்டே சொல். என்ன எழுத்து உள்ளே போனது என்று கூட அதில் இருக்காது. அதற்குக் கீழே ஜாவாவின் சொந்த வகுப்புப் பெயர்கள் வரிசையாக வெள்ளை எழுத்தில் கொட்டும், அதற்கும் கீழே சரியான வரிகளின் அறிக்கை ஓடிக்கொண்டே போகும். வாடிக்கார அண்ணா ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கு எந்தப் படகு எண்டு மட்டும் காட்டு, மிச்சத்தை நான் கொப்பியில பாத்துத் திருத்துவன்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குள் ஒரு முழு வடிவமைப்பே இருந்தது.

முதலில் நிறக் குறியீடு. டெர்மினலுக்கு நிறம் சொல்வது ஒரு பழைய வழக்கம், இஸிஎம்ஏ-48 என்ற தரநிலை 1976இலேயே வந்துவிட்டது. எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து (பதின்மத்தில் 27), அதன் பின் ஒரு சதுர அடைப்பு, ஒரு எண், கடைசியில் ஆங்கிலச் சிற்றெழுத்து எம். இதை இனி ⟨எஸ்⟩[31எம் என்று எழுதுகிறேன். 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம். 90இலிருந்து 97 வரை இவற்றின் பளிச்சென்ற வடிவங்கள். 1 தடித்த எழுத்து, 7 எழுத்தையும் பின்னணியையும் மாற்றிப் போடுவது, 0 எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது. ஷெல் ஸ்கிரிப்டில் பழகியவர்கள் பின்சாய்கோடும் 'இ' எழுத்தும் போட்டால் எஸ்கேப் கிடைக்கும் என்று நினைப்பார்கள், ஜாவாவில் அது கம்பைல் ஆகாது, 'எக்ஸ்' போட்டு எழுதும் ஹெக்ஸ் வடிவமும் ஆகாது. யூனிகோட் வடிவத்தில் 001பி என்றோ, எண்ம வடிவத்தில் 033 என்றோதான் எழுத வேண்டும். நான் நேராக 27ஐக் 'கார்' (ஒற்றை எழுத்து வகை) ஆக மாற்றி ஒரு மாறிலியில் வைத்துக்கொண்டேன், படிக்கும்போது குழப்பமில்லை.

என் லினக்ஸ் லப்டொப்பில் உடனே சிவப்பு வந்தது. வாடியில் இருப்பது விண்டோஸ் 10, அதன் பழைய கறுப்புக் கட்டளை ஜன்னல். அங்கே ஓட்டினால் இப்படி வந்தது:

←[31எம்பிழை: வரி 48←[0எம்

அந்த இடதுபக்க அம்புதான் எஸ்கேப் எழுத்து. கறுப்பு ஜன்னல் அதை ஒரு கட்டளையாக எடுக்காமல், எழுத்து 27க்கு அதன் பழைய அட்டவணையில் இருக்கும் படத்தைப் போட்டுவிடுகிறது. விண்டோஸ் 10இல் இந்தக் குறியீடுகளைப் புரிந்துகொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் நிரல் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டும் என்று கேட்டால்தான் திறக்கும், ஜாவா தானாகக் கேட்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், பயனரின் கன்சோல் பகுதியில் வர்ச்சுவல்டெர்மினல்லெவல் என்று ஒரு டிவேர்ட் (எண்) மதிப்பைச் சேர்த்து 1 கொடுத்தேன், புதிதாகத் திறந்த ஜன்னலில் நிறம் வந்தது. இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணாவோடு சேர்ந்து வியாபாரம் செய்கிற நானா ஒருவர் கிண்ணியாவில் இருக்கிறார், அவரும் இதே நிரலைத் தன் மெஷினில் போட்டார், அங்கே மறுபடியும் அம்புகள். ஒவ்வொரு மெஷினாகப் போய் ரெஜிஸ்ட்ரியைத் தொடுவது ஒரு தீர்வு இல்லை.

அதனால் ஜான்ஸி என்ற நூலகத்தைச் சேர்த்தேன். நிரலின் தொடக்கத்தில் ஆன்ஸிகன்சோல் வகுப்பின் சிஸ்டம்இன்ஸ்டால் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். விண்டோஸில் அதுவே அந்த வசதியைத் திறந்துவிடும், வெளியீடு கோப்புக்குப் போகிறது என்றால் நிறக் குறியீடுகளை உரித்தும்விடும். எல்லாவற்றையும் ஒரே ஜாராக (ஜாவா நிரலை அடக்கிய ஒற்றைக் கோப்பாக) கட்டி பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை, கிண்ணியாவுக்குப் போய்வந்த பெற்றோல்தான் செலவு.

அடுத்து நிறத் தெரிவு. முதல் வடிவத்தில் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்திருந்தேன்: சரியான வரி பச்சை, படகு எண் நீலம், கூட்டுத்தொகை மஞ்சள், பிழை சிவப்பு. நானூறு வரி ஓடும் ஸ்கிரீனில் முந்நூற்றுத் தொண்ணூறு வரி பச்சையாக இருந்தால் சிவப்பு தனியாகத் தெரிவதில்லை, கோயில் திருவிழாவின் அலங்கார விளக்குகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பல்பைத் தேடுவது மாதிரி. சரியான வரிகளில் இருந்து நிறத்தை முழுவதும் எடுத்துவிட்டேன். யாராவது ஒருவர் ஏதாவது செய்ய வேண்டிய இடத்தில் மட்டும்தான் இப்போது நிறம்: திருத்தியே ஆக வேண்டியது சிவப்பு, ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியது மஞ்சள். கூட்டுத்தொகைக்குத் தடித்த எழுத்து மட்டும்.

வாடியில் லப்டொப் இருப்பது தகரக் கூரைக்குக் கீழே, மூன்று பக்கமும் திறந்த இடத்தில். காலையில் ஓட்டினால் கடல் பக்க வெளிச்சம் நேரே ஸ்கிரீனில் விழும். 31 அங்கே செங்கல் நிறமாக மங்கித் தெரிந்தது, 91 தெளிவாக இருந்தது. நீலம் 34 கறுப்பில் கிட்டத்தட்ட இல்லை. விண்டோஸ் 10 கன்சோலின் நிறங்களை 2017இல் மாற்றி அந்த நீலத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினார்கள், ஆனால் மேம்படுத்தி வந்த பழைய மெஷின்களில் பழைய நிறங்களே தங்கிவிடும், இது அப்படி ஒரு மெஷின். கிண்ணியா நானா வெள்ளைப் பின்னணி வைத்திருந்தார், அங்கே மஞ்சள் எழுத்து வாசிக்க முடியவில்லை. கடைசியில் மஞ்சளை எழுத்து நிறமாக விட்டுவிட்டு, மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து (30;43) என்று கொடுத்தேன், இரண்டு மெஷினிலும் தெரிகிறது. தராசில் நிற்கும் பையன் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அதனால் நிறத்தோடு ஒரு குறியும் வேண்டும் என்று முடிவானது: பிழைக்கு இரண்டு ஆச்சரியக்குறி, கவனத்துக்கு ஒன்று, சரியான வரிக்கு இரண்டு வெற்றிடம். நிறமே வராத ஸ்கிரீனிலும் இந்தக் குறி வரும்.

பின்னணி நிறம் கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழையபடி ஆக்கும் 0 குறியீட்டை வரி முடிவுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். புதிய வரி எழுத்துக்குப் பிறகு போட்டால், ஸ்கிரீன் கீழே நகரும்போது அடுத்த வரி ஓரம் வரைக்கும் அந்தப் பின்னணி நிறத்தில் பட்டையடித்துவிடும். எனக்கு இது என் லப்டொப்பில் வந்தது, ஜன்னல் நிரம்பி நகரத் தொடங்கிய பிறகுதான் வரும் என்பதால் சின்னச் சோதனைக் கோப்பில் தெரியவே இல்லை.

இதற்கெல்லாம் மேல் நேரம் தின்றது நெடுவரிசை. அறிக்கையில் குறி, வரி எண், படகு, கிலோ எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும், ஃபார்மட்டில் பன்னிரண்டு எழுத்து அகலம் என்று கொடுத்திருந்தேன். நிறம் இல்லாத வரிகள் நேராக நின்றன, நிறம் உள்ள வரிகள் எல்லாம் இடது பக்கம் சரிந்து கிடந்தன. காரணம் எண்ணிப் பார்த்தால் தெரியும்: ⟨எஸ்⟩[91எம் என்பது ஐந்து எழுத்து, ⟨எஸ்⟩[0எம் என்பது நான்கு, சேர்த்தால் ஒன்பது. டெர்மினலில் இவை ஓர் இடமும் பிடிக்காது, ஆனால் ஜாவா ஒன்பதையும் எண்ணுகிறது. நாலெழுத்துச் சொல்லுக்கு நிறம் பூசினால் ஜாவாவின் கணக்கில் அது பதின்மூன்று, பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, ஆகவே வெற்றிடமே சேர்க்காது. அகலத்தை இருபத்தொன்று ஆக்கிச் சமாளித்துப் பார்த்தேன், தடித்த சிவப்பு வந்த வரிகளில் குறியீடு இன்னும் இரண்டு எழுத்து அதிகம், மறுபடியும் சரிந்தது. சரியான வழி ஒன்றுதான், முதலில் வெற்றிடம் போட்டு அகலத்தை நிரப்பு, அப்புறம் அந்த முழுத் துண்டுக்கும் நிறம் பூசு. நிறம் கடைசியாகச் செய்யும் வேலை. இதைப் பிடித்துக்கொண்ட பிறகு நிரலில் நிறம் தொடும் இடம் ஒரே ஒரு மெதட் (பெயர் வைத்துக் கூப்பிடும் நிரல் துண்டு) ஆகிவிட்டது, மற்ற வகுப்புகளுக்கு 'இது பிழை', 'இது கவனம்' என்று மட்டும்தான் தெரியும், எந்த எண் எந்த நிறம் என்று தெரியாது.

அதன் பிறகும் மீன் பெயர் வரும் நெடுவரிசை நேராகவில்லை. 'அறுக்குளா' கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஜாவாவின் நீளக் கணக்கில் ஒன்பது, ஏனென்றால் உயிர்மெய்யின் துணைக்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'பாரை' கண்ணுக்கு இரண்டு, கணக்கில் நான்கு. துணைக்குறிகளைக் கழித்து எண்ணும் ஒரு மெதட் எழுதினேன், அதுவும் உதவவில்லை, டெர்மினல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எத்தனை கட்டம் கொடுக்கிறது என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறுகிறது. பழைய கறுப்பு ஜன்னலில் தமிழே கேள்விக்குறியாகவோ பெட்டியாகவோதான் வந்தது, கோட் பேஜை (ஜன்னலின் எழுத்து அட்டவணையை) 65001 ஆக்கி, வெளியீட்டை யூடிஎஃப்-8இல் எழுதும் பிரின்ட்ஸ்ட்ரீம் ஒன்றைக் கட்டி, விண்டோஸ் டெர்மினலை நிறுவிய பிறகுதான் எழுத்து எழுத்தாக வந்தது, அப்போதும் சில இடத்தில் முட்டிக்கொண்டும் சில இடத்தில் இடைவெளி விட்டும். ஆகவே அறிக்கையின் ஒழுங்கையே மாற்றினேன். குறி, வரி எண், படகு எண், கிலோ எல்லாம் முன்னால், இவை வெறும் இலக்கமும் குறியும் என்பதால் அகலம் பிழைக்காது. தமிழில் வரும் மீன் பெயரும் செய்தியும் வரியின் கடைசியில். அதற்குப் பிறகு நேராக நிற்க வேண்டியது எதுவும் இல்லை.

இப்போது ஒரு பிழை வரி இப்படி இருக்கும், முழுவதும் பளிச்சென்ற சிவப்பில்:

!!   48   படகு 17   12..5   கிலோவில் இரண்டு புள்ளி, அறுக்குளா

'படகு' என்ற சொல் முன்னால் வருகிறது, ஆனால் எல்லா வரியிலும் அதே சொல் என்பதால் எல்லாம் ஒரே அளவு நகர்கிறது, பாதிப்பில்லை. 12..5 என்ற துண்டு மட்டும் 7ஆம் குறியீட்டில், அதாவது சிவப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக நிற்கும். பிழையான இடத்துக்குக் கீழே ஒரு அம்புக்குறி போடத்தான் முதலில் ஆசைப்பட்டேன், கம்பைலர்கள் காட்டுவது போல. தமிழ் எழுத்தின் அகலம் நம்ப முடியாதது என்று தெரிந்த பிறகு அதை விட்டேன், எழுத்தையே தலைகீழ் நிறத்தில் காட்டுவதற்கு அகலக் கணக்கு எதுவும் தேவையில்லை.

இனி நிறம் வரக்கூடாத இடம். அண்ணா பிழைகளை ஒரு கோப்பில் எடுத்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார். பிழைகள் சிஸ்டம்.எர் (பிழைகளுக்கென்று இருக்கும் தனி வெளியீடு) வழியாகப் போகின்றன, அதை மட்டும் கோப்புக்குத் திருப்பும்படி பேட்ச் கோப்பில் (நிரலை ஓட்டும் விண்டோஸ் கட்டளைகள் உள்ள கோப்பில்) எழுதியிருந்தேன். ஜான்ஸி வருவதற்கு முன்பு டெர்மினல் இருக்கிறதா என்று பார்க்க நான் நம்பியது சிஸ்டம்.கன்சோல் வெறுமையா இல்லையா என்ற சோதனையை. ஜாவா 17இல் அது உள்ளீட்டையும் சாதாரண வெளியீட்டையும் மட்டும்தான் பார்க்கிறது, பிழை வெளியீட்டைப் பார்ப்பதில்லை. ஸ்கிரீன் டெர்மினல்தான், ஆகவே நிறம் போடு என்றது, பிழைக் கோப்பு முழுக்கக் குறியீடு. இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது: கணக்குக் கோப்பை உள்ளீடாகத் திருப்பிக் கொடுத்து ஓட்டியபோது, ஸ்கிரீன் கண்முன்னால் இருந்தும் கன்சோல் வெறுமை என்று வந்து நிறமே போய்விட்டது. கோப்பின் பெயரை நிரலுக்கு நேரடியாகக் கொடுக்கும்படி மாற்றியதும் அது சரியானது. ஜாவா 22க்குப் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை வேறு விதமாக உடையும், அதில் வெளியீட்டைத் திருப்பியிருந்தாலும் கன்சோல் வெறுமையாக வராது, புதிதாக வந்த இஸ்டெர்மினல் என்ற மெதடைக் கேட்க வேண்டும்.

எந்தத் தானியங்கிச் சோதனையையும் முழுதாக நம்பக்கூடாது என்று எடுத்துக்கொண்டு, நிரலுக்கு ஒரு தேர்வு சேர்த்தேன்: எப்போதும், ஒருபோதும் வேண்டாம், நீயே பார். பேட்ச் கோப்பில் கோப்புக்கு எழுதும் வரியில் 'வேண்டாம்' என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறது. நோ_கலர் என்ற சூழல் மாறி இருந்தாலும் நிறம் போடாது, 2017இல் இருந்து பல கட்டளைவரி நிரல்கள் மதிக்கும் ஒரு பொது வழக்கம் அது, ஜாவாவில் ஒரு கெட்என்வ் வரியோடு முடிகிற வேலை.

எக்செப்ஷன் அறிக்கையை இரண்டாகப் பிரித்தேன். பயனர் அடித்த தரவில் பிழை என்றால் மேலே காட்டிய ஒரு வரி மட்டும், ஸ்டாக் டிரேஸ் (முன்பு கொட்டிய அந்த வகுப்புப் பெயர் வரிசை) கிடையாது. என் நிரலிலேயே கோளாறு என்றால்தான் டிரேஸ், அதற்குப் பிடிபடாத எக்செப்ஷன்களுக்கான ஹேண்ட்லர் ஒன்றை திரெட் வகுப்பில் பதிந்தேன். அது கெட்காஸ் வழியாக அடிவரை இறங்கி மூலக் காரணத்தை முதல் வரியில் தடித்த சிவப்பில் போடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது டிரேஸின் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, என் பேக்கேஜ் பெயரில் தொடங்கும் வரிகளைச் சாதாரண நிறத்திலும் ஜாவாவின் உள் வரிகளைச் சாம்பல் 90இலும் காட்டும். முப்பது வரி டிரேஸில் என்னுடைய மூன்று வரி உடனே கண்ணில் படுகிறது, நான் இந்த வேலை முழுவதிலும் தினமும் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். 90 சில நிறத் திட்டங்களில் பின்னணியோடு கலந்து மறைந்தே போகும், உங்கள் ஸ்கிரீனில் பார்த்துவிட்டு வையுங்கள். முழு அறிக்கையையும் ஸ்ட்ரிங்பில்டரில் கட்டி ஒரே தடவையில் அச்சிடுகிறேன், துண்டு துண்டாக அச்சிட்டால் வேறொரு திரெட்டின் (நிரலுக்குள் கூடவே ஓடும் இன்னொரு வேலையின்) வரி நடுவில் புகுந்து சிவப்பாகிவிடும்.

ஜாவாவோடு வரும் லாகிங்கை (நிரல் தன் நடப்பைப் பதியும் வசதியை) முதலில் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அதன் கன்சோல்ஹேண்ட்லர் சாதாரணத் தகவலைக்கூட சிஸ்டம்.எர்க்குத்தான் எழுதுகிறது, அதனால் என் ஐடிஇயில் (நிரல் எழுதும் மென்பொருளில்) எல்லாமே சிவப்பு, பிழைக் கோப்பிலும் எல்லாமே பிழை. சொந்தமாக ஒரு ஃபார்மட்டர் எழுதி நிறம் கொடுக்கலாம், ஆனால் இந்த அளவு நிரலுக்கு அது தேவைப்படவில்லை.

ஓடும்போது நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தால் டெர்மினல் சிவப்பிலேயே நின்றுவிடலாம். ஒரு ஷட்டவுன் ஹூக்கில் (நிரல் நிற்கும்போது கடைசியாக ஓடும் துண்டில்) 0 குறியீட்டை அச்சிட வைத்தேன்.

அடுத்த தடவை இதையே தொடங்கினால் முதல் நாளே ஒரு மாதிரிக் கட்டளை எழுதுவேன்: நிரலை அந்தத் தேர்வோடு ஓட்டினால் பிழை, கவனம், கூட்டுத்தொகை, டிரேஸ் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மாதிரி வரியை அச்சிட வேண்டும், அதுவும் ஜன்னல் நிரம்பி நகரும் அளவுக்கு. இப்போது அது இருக்கிறது, புதிய மெஷினில் நிறுவியதும் முதலில் அதை ஓட்டி, ஒரு தடவை ஸ்கிரீனுக்கும் ஒரு தடவை கோப்புக்கும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான கணக்கைத் தொடுகிறோம். நிற எண்களும் இன்னும் நிரலுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து ஒரு பிராப்பர்ட்டிஸ் (அமைப்பு) கோப்பில் வைக்க வேண்டும், நானாவின் வெள்ளை ஸ்கிரீனுக்கு 91ஐவிட 31தான் நன்றாக இருக்கிறது. ஜான்ஸி இப்போது ஜேலைன் என்ற இன்னொரு ஜாவா நூலகத் திட்டத்துக்குள் போய்விட்டது, ஜாவாவின் பதிப்பை உயர்த்தும்போது அதையும் சேர்த்து மாற்றுவேன், வைகாசியில் வரவு கூடுவதற்கு முன்பு.